சித்த நோயும் சமூகக் கடமையும்

உடம்பிற்கு நோய் வந்தால் ஊரார் வந்து நலம் வினவுகின்றனர். உள்ளத்திற்கு நோய் வந்தாலோ, வீட்டுக் கதவு அடைபடுகின்றது. காய்ச்சல் என்று கூற நாணாத நா, சித்தம் கலங்கிற்று என்று கூற நாணுகின்றது. இவ் வேறுபாட்டை நீக்க முற்பட்டோர் யாவர், அவர்தம் முயற்சி எவ்வாறு முடிந்தது, அதனின்று நம் சமூகத்தார் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பனவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்தலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதலே முறையாம். சில ஆண்டுகட்கு முன் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் நம் சமூகத்துப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பிற் படித்து வந்தான். யாப்பில் விருப்பமுடையவன், வெண்பா எழுதிக்கொணர்ந்து, தளை தட்டுகின்றதா என்று பார்க்கச் சொல்லுவான். ஆடித் திங்கள் முதல் அவனுக்குப் பேச்சுக் குறைந்தது. தேர்வில் விடைத்தாளை வெறுமையாகவே திருப்பித் தந்தான். பின்னர் பள்ளிக்கு வருதலும் நின்றது. அவன் தந்தையார் வந்து மஞ்சட்காமாலை என்று விடுப்பு விண்ணப்பம் தந்தனர். அது காமாலை அன்று என்பதை யாம் அறிவோம். யாம் அறிந்திருக்கின்றோம் என்பதை அவரும் அறிவார். அவன் தமக்கைக்கு அப்பொழுது மணம் பேசிக்கொண்டிருந்தனர். யாம் ஒன்றும் வினவாது விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோம். அக் கையொப்பமே இக் கட்டுரைக்கு வித்தென்க.

இனிச் சரித்திரத்திற்கு வருவோம். இங்கிலாந்து தேசத்தில் 17-ம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் பாக்ஸ் என்பாரைத் தலைவராகக் கொண்டு ஒரு சிறு கூட்டம் தோன்றிற்று. 'நண்பர் சங்கம்' என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ஊரார் இட்ட பெயரோ 'குவேக்கர்' என்பது. நடுங்குவோர் என்பது அதன் பொருள். அஃது எள்ளல் பற்றி வந்த பெயரே. இவர்கள் பெரியோர் முன்னும் தொப்பியைக் கழற்றார், நீதிமன்றத்தில் ஆணையிடார், திருச்சபைக்குரிய வரியைச் செலுத்தார், படையிற் சேரார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னாது எவரையும் ஒருமையிலேயே விளிப்பர். நீர், தாங்கள் என்னும் மரியாதைச் சொற்களுக்கிடையே வளர்ந்த நமக்கு, 'நீ' என்னும் ஒரு சொல்லின்பொருட்டு மாந்தர் அடியும் வசவும் பெற்றனர் என்பது நன்கு விளங்கும். இவர்களுட் பலர் சிறை புகுந்தனர், சிறையிலேயே மடிந்தாருமுளர். 1689-ம் ஆண்டுச் சட்டத்தால் வழிபாட்டுரிமை கிடைத்ததாயினும், அரசாங்கப் பதவிகளும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பட்டங்களும் அவர்களுக்கு நெடுங்காலம் எட்டாதனவாகவே இருந்தன. ஆதலின் வாணிகத்திலும் கைத்தொழிலிலும் முயன்று பொருளீட்டினர். தம் கூட்டத்திற்குப் புறம்பே மணஞ்செய்தாரை 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை விலக்கியும் வந்தனர். இவ்வளவும் கேட்பார்க்கு, இஃது ஏதோ நம் நாட்டுச் சமூகமொன்றின் வரலாறு போலத் தோன்றுதல் இயல்பே.

ஆயினும் அவர்கட்கு ஒரு சிறந்த கொள்கை இருந்தது. ஒவ்வொரு மனிதனுள்ளும் ஓர் உள்ளொளி உண்டு. அஃது எந்நிலையிலும் அவிந்தொழிவதில்லை என்பதே அக் கொள்கை. இதனை வாயளவிற் கூறுதல் எளிது. சித்தம் திரிந்த ஒருவனைக் கண்முன் நிறுத்தி, இவனுள்ளும் அவ்வொளி உண்டோ என்று வினவினாலன்றோ கொள்கையின் உறுதி விளங்கும்? அவ் வினா அவர்களை நோக்கி 1790-ம் ஆண்டில் எழுந்தது.

அக்காலத்துப் பித்தர்களின் நிலை எத்தகையது? விலங்கினின்று மனிதனைப் பிரிப்பது அறிவே. அறிவு போயின் எஞ்சுவது விலங்கே என்பது அக்காலத்தார் பலரது எண்ணம். ஆதலின் வைக்கோற் படுக்கையும் இருப்புச் சங்கிலியும் போதுமென்றனர். இலண்டன் மாநகரத்துப் பெத்லம் விடுதியில் நோயாளரை வேடிக்கை பார்க்க மக்கள் சென்று வந்த காலமும் ஒன்றுண்டு. இந்நோய் குலமும் செல்வமும் பார்த்து வருவதன்று என்பதற்கு அந்நாட்டு மன்னரே சான்றாயினர். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1788-ம் ஆண்டிற் சித்தம் கலங்கி, மருத்துவர்களால் உடம்பு கட்டப்பட்டு வருந்தினார். அரசனுக்கே அந்நிலையாயின் ஏழைக்கு எந்நிலை என்று எண்ணிப் பார்க்கலாம்.

யார்க் நகரத்தில் 1777-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற சித்தநோய் விடுதி ஒன்றிருந்தது. புறத்தே அழகிய மாளிகை. அகத்தே நிகழ்வதை எவரும் அறியார். 1790-ம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லீட்ஸ் நகரத்து விதவையாகிய ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் பெண்மணி ஆங்குச் சேர்க்கப்பட்டாள். அவளுடைய உறவினர் தொலைவில் இருந்தமையின், யார்க் நகரத்து நண்பர் சங்கத்தார் அவளைப் பார்த்து வருமாறு வேண்டிக்கொண்டனர். இவர்கள் சென்றபோது, நோயாளியைப் பார்க்கலாகாதென்று விடுதியார் தடுத்துவிட்டனர். ஏப்ரல் 29-ம் நாள் அவள் இறந்தாள். தன் சமூகத்தார் ஒருவர் முகத்தையும் காணாது, தன் வழிபாட்டுச் சொல் ஒன்றையும் கேளாது, ஏழு கிழமைக்குள் ஒருத்தி மாய்ந்தாள் என்னும் செய்தி அச் சிறு கூட்டத்தார் உள்ளத்தைச் சுட்டது.

அந்நகரிலே தேயிலை, காப்பி வாணிகம் செய்துவந்த வில்லியம் டியூக் என்பார் அப்பொழுது ஏறக்குறைய அறுபது வயதினர், மருத்துவம் கற்றவரல்லர். நம்மவர்க்கென நாமே ஓரில்லம் அமைத்தல் வேண்டும் என்பதை 1792-ம் ஆண்டில் தம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் எடுத்துரைத்தார். நண்பர்களெல்லாம் ஒருங்கெழுந்து ஆதரித்தனர் என்று எழுத விழைகின்றோம், நிகழ்ந்ததோ அஃதன்று. நம்முள் அத்தகையோர் எத்தனை பேர், இதற்கென ஓரில்லம் வேண்டுமோ என்று ஐயுற்றாரே பலர். வேறு அறங்கட்குப் பொருள் வேண்டியிருக்க இதற்கேன் என்றாருமுளர். நாணமே ஐயமாக வேடம் பூண்டு பேசிற்று என்று கூறினும் பொருந்தும். நம்முடைய கூட்டங்களில், 'நம் குலத்தில் அப்படி எவரும் இல்லை' என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோமல்லமோ? இக் குரல் இருநூறு ஆண்டுகட்கு முன் யார்க் நகரத்திலும் ஒலித்தது.

டியூக் சோர்ந்திலர். கடிதம் எழுதினார், கணக்குக் காட்டினார், ஊர்தோறும் சங்கத்தாரைக் கண்டு பேசினார். அவருக்குத் துணை நின்றவருள் ஒருவர் பெயரைத் தமிழாசிரியராகிய யாம் விடாது குறித்தல் வேண்டும். லிண்ட்லி மர்ரே என்பார் அமெரிக்காவினின்று வந்து யார்க் நகரை அடுத்துக் குடியிருந்த இலக்கண ஆசிரியர். குவேக்கர் பெண்பள்ளி ஆசிரியைகளின் வேண்டுகோட்கிணங்கி அவர் எழுதி 1795-ம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில இலக்கணம், பின்னர் பல தலைமுறைகள் பள்ளிகளிற் பயிலப்பட்டது. வழூஉச் சொற்களைத் திருத்தும் தொழிலுடைய அப்புலவர், வழுவிய சித்தமுடையாரைப் பேணும் இல்லத்திற்கும் உழைத்தனர் என்பது நம்மனோர்க்கு ஓர் நினைவூட்டலாகும்.

பொருள் சேர்ந்தது. நகரின் கிழக்கே மேட்டு நிலம் பதினோரேக்கர் வாங்கி, ஏறக்குறைய முப்பதின்மர்க்கு இடமுள்ள இல்லம் ஒன்றெழுப்பி, 1796-ம் ஆண்டிற் நோயாளரை ஏற்கத் தொடங்கினர். நன்கொடை தந்த கூட்டத்தார் ஏழை நோயாளி ஒருவரைக் குறைந்த கட்டணத்திற் சேர்ப்பிக்க உரிமை பெற்றனர். இல்லத்திற்குப் பெயரிடுங்கால், ஆசுபத்திரி என்றோ பைத்திய விடுதி என்றோ இடாது, 'ரிட்ரீட்' என்று இடுமாறு டியூக்கின் மருமகளார் கூறினார். புயலில் அலைந்த மரக்கலம் ஒதுங்கும் துறை போன்ற புகலிடம் என்பது கருத்து. சன்னல்களுக்குத் தனியாக இருப்புக்கம்பி வையாது, சட்டத்தையே இரும்பால் வார்த்து மரம் போலத் தோன்றச் செய்தனர். காவலும் வேண்டும், கண்ணுக்குச் சிறையாகவும் தோன்றலாகாது என்னும் நுட்பத்தை நோக்குக.

ஜார்ஜ் ஜெப்சன் என்பார் மேற்பார்வையாளராகி, கேதரின் ஆலன் என்னும் அம்மையாரோடு இல்லத்தை நடத்தி வந்தார். மருத்துவராகிய தாமஸ் பௌலர் அக்காலத்து வழங்கிய குருதி வாங்கல், பேதி முதலியவற்றை முதலில் ஆராய்ந்து, அவற்றாற் பெரும்பயன் இல்லை என்று கண்டு மெல்ல மெல்லக் கைவிட்டனர். உறக்கம் வாராதார்க்கு அபினி தருதலினும் வயிறு நிறைய நல்லுணவு தருதல் சிறந்தது என்று கண்டனர். துயரில் ஆழ்ந்தார்க்கு வெந்நீர்க் குளியல் நன்மை தந்தது. முற்றத்திற் கோழியும் முயலும் வளர்த்தனர். தம்மினும் எளிய உயிரைப் பேணும்போது நோயாளர் உள்ளம் நெகிழ்தலைக் கண்டனர். ஆடவர்க்குத் தோட்ட வேலை; பெண்டிர்க்குத் தையல் வேலை. மேற்பார்வையாளர் நோயாளரை விருந்தினராக அழைத்துத் தேநீர் அளிப்பர். அவரும் தம் நல்லுடை உடுத்து வந்து, ஒழுங்காக உரையாடிச் செல்வர்.

ஈண்டு நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். முப்பத்துநான்கு வயதினனாய், பேருருவம் படைத்த ஒருவனைச் சங்கிலியிற் பிணித்துக் கொண்டுவந்தனர். அவனுக்கு அஞ்சி, சங்கிலியை அவிழாமலே உடையை மாற்றும்படி ஆடையைக் கயிறுகளால் தைத்திருந்தனர். இல்லத்துட் புகுந்தவுடன் சங்கிலியை நீக்கி, மேற்பார்வையாளர் உண்ணும் அறைக்கு அவனை அழைத்துச் சென்று இரவுணவு அளித்தனர். அவன் உண்ட பின்பு, இங்கே எவரையும் வருத்துவதில்லை. நீ உன்னை அடக்கிக்கொண்டால் கட்டுவதற்கு யாதொரு காரணமும் இல்லை என்று மெல்லக் கூறினர். இடையிடையே அவன் சீற்றங்கொண்டதுண்டு. அப்போதெல்லாம் அருகிருந்து பேசியே தணித்தனர். நான்கு திங்களில் அவன் நலம் பெற்று வீடு திரும்பினான்.

இவ்வில்லத்தின் வரலாற்றை, வில்லியம் டியூக்கின் பேரராகிய சாமுவேல் டியூக் 1813-ம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அந்நூல் ஒருவரையும் பழித்திலது. ஆயினும் நல்லதைச் சொல்லுதலே தீயதற்குப் பழியாதல் உண்டன்றோ? யார்க் நகரத்துப் பழைய விடுதியின் மருத்துவர் அதனால் வெகுண்டு பத்திரிகையில் மறுப்பெழுதினார். வழக்கு வளர்ந்தது. காட்பிரே ஹிக்கின்ஸ் என்னும் நீதிபதி அவ் விடுதியைச் சோதிக்கப் புகுந்து, 1814-ம் ஆண்டில் மறைவான அறைகளைத் திறப்பித்தார். ஆங்கு மலமும் வைக்கோலும் கலந்த தரையிற் பெண் நோயாளர் அடைபட்டிருந்த கொடுமை வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே, எட்வர்ட் வேக்பீல்டு என்பார் பெத்லம் விடுதிக்குச் சென்று, ஜேம்ஸ் நாரிஸ் என்னும் நோயாளி கழுத்திலும் உடம்பிலும் இரும்பு பூட்டப்பெற்று ஆண்டுக்கணக்காக நின்றதைக் கண்டு உலகறியச் செய்தனர். 1815-ம் ஆண்டிற் பார்லிமெண்டு மகாசபை விசாரணைக் குழு அமைத்தது. அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரை அடுத்து அங்குள்ள குவேக்கர்கள் 1817-ம் ஆண்டில் இத்தகைய இல்லமொன்றைத் திறந்தனர். ஒரு பெண்ணின் சாவினின்று எழுந்த ஒரு சிறு கூட்டத்தின் நாணமின்மை, இரண்டு தேசங்களின் நடைமுறையை அசைத்தது.

புகழ்ச்சி ஒன்றே சரித்திரமாகாது. ரிட்ரீட் இல்லத்தாரும் தோற்கட்டையும் தனியறையையும் முற்றும் ஒழித்தாரல்லர், குறைத்தாரே ஆவர். சங்கிலி இருந்த இடத்தில், எப்பொழுதும் பிறர் நோக்கின்கீழ் நன்னடக்கை காட்டவேண்டும் என்னும் அச்சத்தை வைத்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பூக்கோ 1961-ம் ஆண்டில் எழுதிய நூலில் வாதித்தனர். அவ் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், சங்கிலியில் நின்றவனை வினவின் எதனைத் தெரிவான் என்பதில் ஐயமில்லை. அவ்வில்லம் பிற சமயத்தார்க்கும் பின்னர் திறந்துவிடப்பட்டு, இருநூறு ஆண்டுகட்கு மேலும் நோயாளரை உடனுறைத்துப் பேணி, 2018-ம் ஆண்டின் இறுதியில் அப் பணியை நிறுத்திக்கொண்டது.

இனி, நம் நாட்டு நிலையைச் சிறிது காண்போம். யார்க் நகரில் இல்லம் திறப்பதற்கு இரண்டாண்டு முன்னரே, 1794-ம் ஆண்டில், சென்னைப் புரசைவாக்கத்தில் வாலண்டைன் கனோலி என்னும் கம்பெனி மருத்துவர் பதினாறு பேர்க்கு இடமுள்ள பித்தர் விடுதி ஒன்றைத் தொடங்கினர். கால் நூற்றாண்டல்ல, ஈராண்டே இடையீடு. ஆயினும் ஒன்று சமூகத்தார் தம்மவர்பொருட்டுக் கட்டியது, மற்றொன்று ஆள்வோர் தம் ஒழுங்கின்பொருட்டு அமைத்தது. அவ் விடுதி வழிவந்த அரசாங்க நிலையம் 1871-ம் ஆண்டிற் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளருடன் இயங்கத் தொடங்கிற்று. 1922-ம் ஆண்டில் அதன் பெயர் மனநோய் மருத்துவமனை என மாறியது. 1978-ம் ஆண்டில் மனநல நிலையம் எனப் பெயர் பெற்றது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமையில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். இந்தியப் பெண்மணிகளுள் முதல் மனநல மருத்துவர் அவரே. ஓய்வுபெற்ற பின்னரும் ஓயாது, 1984-ம் ஆண்டில் சித்தச்சிதைவு நோயாளர்க்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றக் காரணராயினர்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாராய்ச்சி செய்வார் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அசைலம் என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்குப் புகலிடம் என்பதே பொருள். அஃது இழிவுப் பொருள் பெற்றமையின், ஆசுபத்திரி என்றனர். பின்னர் நிலையம் என்றனர். 1858, 1912-ம் ஆண்டுச் சட்டங்கள் பித்தர் என்னும் பெயரைத் தலைப்பிலே தாங்கின. 1987-ம் ஆண்டுச் சட்டமும் 2017-ம் ஆண்டுச் சட்டமும் மனநலம் என்றன. இவையெல்லாம் நன்றே. ஆனால், கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே நம் வாயில் வசைச்சொல்லாய்விட்டதே! உள்ளத்திலுள்ள இழிப்பு நீங்காதாயின், எந்நற்பெயரும் சில ஆண்டுகளிற் கறைபடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழர் தொன்றுதொட்டே இவ்வாறு இழித்தனரோ எனின், அன்று. பித்தன் என்பது சிவபெருமான் திருநாமங்களுள் ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வாறழைத்தே பாடத் தொடங்கினர் என்பதை யாவரும் அறிவர். காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டனர். சித்த மருத்துவ நூலார் இந்நோயைக் கிரிகை எனப் பெயரிட்டு, வகை பிரித்து, மருந்தும் வகுத்தனர். ஆகவே, இது நோய்; நோய்க்கு மருந்துண்டு என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. கோயிலிற் பித்தனை வணங்கி, இல்லத்திற் பித்துற்ற பிள்ளையை மறைத்தல் எந்நூலிற் கண்ட நெறி?

மறைப்பதன் விளைவு யாதாகும் என்பதை 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் தமிழ்நாடு கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், நோயாளரைக் குடிசையிற் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று விடியுமுன் தீப்பற்றிற்று. கட்டப்பட்டிருந்தமையின் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். யார்க் நகரத்தார் சங்கிலியை அவிழ்த்த 205 ஆண்டுகட்குப் பின் நிகழ்ந்தது இது. ஆங்கே மாண்டோரைக் கொணர்ந்து விட்டவர் பகைவரல்லர், தாய்தந்தையரும் உடன்பிறந்தாருமே. கொடுமை செய்ய எண்ணி விட்டாருமல்லர். எங்குச் செல்வது என்றறியாமையும் ஊரார் வாய்க்கு அஞ்சிய அச்சமுமே அவர்களை அங்குச் செலுத்தின. 2017-ம் ஆண்டுச் சட்டம் நோயாளரை எவ்வகையானும் சங்கிலியிற் பிணித்தல் கூடாதென விலக்கியுள்ளது. உடல் நோய்க்கும் மன நோய்க்கும் சிகிச்சையில் வேற்றுமை காட்டலாகாதென்றும் விதித்துள்ளது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் விலக்கலாம். நாணச் சங்கிலியை விலக்குவார் நாமே.

நம் குலத்தில் எவரும் இல்லை என்பார்க்கு ஒரு கணக்குக் கூறுவோம். 2015-16-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோருள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்க்கு ஏதேனும் ஒரு மனநோய் உண்டெனக் கண்டனர். அவருள் பெரும்பாலார் சிகிச்சை பெறாதவர். பத்தில் ஒருவர் என்னும் கணக்கு நம் தெருவை மட்டும் தாண்டிச் செல்லுமோ?

மாணாக்கர் நிலை இன்னும் கவலைக்குரியது. மனநோய்களுட் பெரும்பாலன இருபத்தைந்து வயதிற்கு முன்னரே தலைகாட்டுவன. அஃதாவது, பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் இருக்கும் காலத்திலேயே. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டில் தற்கொலையால் இறந்த மாணாக்கர் 13,044 பேர் எனத் தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையம் கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு முப்பத்தைவர்க்கு மேலாகிறது. ஒரு வகுப்பறை நாள்தோறும் வெறுமையாகின்றது என்று எண்ணின் உண்மை விளங்கும். இதற்குத் தேர்வு ஒன்றே காரணமென்றல் பொருந்தாது. காரணம் பல கூடியே ஓருயிரை வருத்துகின்றன. ஆயினும், முதல் தலைமுறையாகக் கற்க வரும் பிள்ளையின் தோளில் குடும்பத்தின் கடனும் குலத்தின் பெருமையும் ஒருங்கே ஏற்றப்படுகின்றன. நம் பத்திரிகையில் முதன்மை பெற்ற பிள்ளைகளின் படத்தை ஆண்டுதோறும் அச்சிடுகின்றோம், நன்றே. தவறிய பிள்ளைக்கும் நம்மிடம் இடமுண்டு என்று ஒரு வரி அச்சிட்டதுண்டோ? தவறினோர் ஓராண்டு வீணாகாது உடனே துணைத்தேர்வு எழுதும் வழியைத் தமிழ்நாட்டரசு வைத்திருத்தலையேனும் நாம் வீடுதோறும் சொல்லியதுண்டோ?

வில்லியம் டியூக்கின் வாழ்க்கையில் இதற்கும் ஒரு விடை உண்டு. அவர் சித்தநோயில்லம் மட்டும் கண்டாரல்லர். 1779-ம் ஆண்டில் தம் சமூகத்துப் பிள்ளைகட்கென ஆக்வொர்த் பள்ளி தோன்றவும், 1785-ம் ஆண்டில் யார்க் நகரிற் பெண்பள்ளி தோன்றவும் உழைத்தவர் அவரே. அவர் மறைந்த மறு ஆண்டு, 1823-ல், அந்நகரிலே ஆண்பிள்ளைகட்கென ஒரு பள்ளி தொடங்கிய காலத்து, ரிட்ரீட் இல்லத்தார்க்குரிய மனையிலேயே அதனைத் தொடங்கினர். பித்தர் இருந்த மனையிற் பிள்ளைகள் படிப்பதோ என்று அப் பெற்றோர் நாணவில்லை. கல்வியும் உள்ளநலமும் ஒரே அறத்தின் இரு கிளைகள் என அவர்கள் கொண்டிருந்தனர்.

ஆகவே, நம் சங்கத்தார் ஆராயுமாறு மூன்று செய்திகளை வணக்கத்துடன் முன்வைக்கின்றோம். முதலாவது, நம் இதழின் மணமக்கள் பகுதியில், குடும்பத்திற் 'சித்தநோய் இல்லாதார்' வேண்டும் என்று வரும் விளம்பரங்களை ஏலாதொழிதல். இந்நோய் சிலவற்றிற் குடிவழித் தொடர்பு ஓரளவு உண்டென்பது மெய்யே. ஆயினும், நோயுற்றார் மக்களுள்ளும் உடன்பிறந்தாருள்ளும் நலமாக வாழ்வாரே மிகப் பலர். ஒருவர் நோயைக் காட்டி ஒரு குடும்பத்தையே விலக்குதல் அறிவுமன்று, அறமுமன்று. இரண்டாவது, நம் சமூக மாணவர் விடுதிகளில் மாதமொருமுறையேனும் மனநல மருத்துவர் ஒருவர் வந்து பிள்ளைகளைக் காணச் செய்தலும், மத்திய அரசார் 2022-ம் ஆண்டில் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை விடுதிச் சுவரில் எழுதிவைத்தலும். மூன்றாவது, கல்வி உதவி நிதியினின்று ஒரு பகுதியை, பெயர் வெளியிடாது, சிகிச்சைக்குச் செல்லும் ஏழைக் குடும்பங்களின் வழிச்செலவிற்கும் மருந்திற்கும் ஒதுக்குதல்.

தொடக்கத்திற் கூறிய மாணாக்கன் யாதாயினான் என்று அன்பர்கள் வினவக்கூடும். அவன் தமக்கையின் மணம் நிறைவேறியது. ஈராண்டுக் காலம் அவன் மாடியறையிலேயே இருந்தான். செய்தியை மறைக்க இயலாத ஒரு நாளில் மாப்பிள்ளை வீட்டார் அறிந்தனர். குடும்பத்தார் அஞ்சியது நிகழ்ந்ததோ எனின், இல்லை. மாப்பிள்ளையே, 'மாமா, இதனை முன்னரே சொல்லலாகாதா?' என்று கூறி, அவனைத் தம்முடன் அழைத்துச் சென்று மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினர். மருந்து உண்டான், மெல்லத் தேறினான், தனித்தேர்வராக எழுதித் தேறினான், இப்பொழுது ஓர் அச்சகத்திற் பிழை திருத்துகின்றான். மருந்து இன்னும் உண்டு, நலமாயிருக்கின்றான். அவனது இசைவு பெற்றே, அவன் பெயரும் ஊரும் நீக்கி, இதனை ஈண்டு எழுதினோம்.

அவ்வீராண்டுகளை அவனுக்கு மீட்டுத் தருவார் யாருமில்லை. அவற்றுள் ஒரு பங்கு எம் கையொப்பத்தின் விலை. சென்ற பொங்கலுக்கு ஒரு வெண்பா எழுதி அனுப்பியிருந்தான். மூன்றாம் அடியில் தளை தட்டுகின்றது. திருத்திக் கடிதம் எழுதினோம். இம்முறை, உடம்பு எவ்வாறுளது என்றும், உள்ளம் எவ்வாறுளது என்றும், இரண்டையும் வினவியே எழுதினோம்.